கோ-டூ நிரலில் பழுது: அறிகுறியைப் பார்த்து இடத்தைப் பிடிப்பது

அடுத்தவர் எழுதிவிட்டுப் போன நிரலைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. சி மொழியில் எழுதிய சின்னச் சின்னக் கருவி நிரல்கள், கணக்கு எழுதுகிறவர்கள் தாங்களே உருட்டிக்கொண்ட எக்செல் மேக்ரோக்கள், எப்போதாவது கோபோல் என்கிற பழைய மொழியில் ஒரு நிரல். புகார் விதவிதமாக வரும். திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: நிரல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குதிக்கிறது, குதிக்கிற வேகத்தில் நடுவில் செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தாண்டிவிடுகிறது. குதித்துப்போய் விழுந்த இடத்தையே நாள் முழுக்க முறைத்துப் பார்த்தாலும் எதுவும் தெரியாது. தாண்டிய வரிகளைத்தான் படிக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில வருடம் ஆனது.

கோ-டூ என்பது ‘நேராக அந்த வரிக்குப் போ’ என்கிற கட்டளை. அது ஆகுமா ஆகாதா என்கிற பஞ்சாயத்து 1968-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா எழுதிய கடிதத்திலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. அதற்குள் இங்கே போகவில்லை. ஒன்று மட்டும்: குதிப்பு என்று நான் சொல்வது கோ-டூவை மட்டும் இல்லை. பிரேக் (லூப் என்கிற சுற்றை விட்டு வெளியேறு), கன்டினியூ (லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போ), நடுவில் வரும் ரிட்டர்ன் (ஃபங்ஷன் என்கிற நிரல் பகுதியை விட்டுத் திரும்பு), எக்செல்லின் ஆன் எர்ரர் கோ-டூ (பிழை வந்தால் அங்கே போ) எல்லாம் ஒரே குடும்பம்தான்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அப்படியே கிட்டில் (பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) கமிட் செய்துவிடுங்கள், அதாவது ஒரு பதிப்பாகப் பதிந்துவிடுங்கள், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். பிறகு கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) எச்சரிக்கைகளை எல்லாம் திறந்துவிடுங்கள். ஜிசிசி என்கிற கம்பைலர் என்றால் டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா என்ற இரண்டு விருப்பங்களும். பழைய நிரலில் முந்நூறு நானூறு எச்சரிக்கை கொட்டும். பயப்பட வேண்டாம், சிக்கல் உள்ள ஃபங்ஷனுக்கு வருவதை மட்டும் பாருங்கள்.

அந்த ஒரு ஃபங்ஷனைக் காகிதத்தில் பிரிண்ட் எடுங்கள். திரையில் இது வேலைக்கு ஆகாது. ஒவ்வொரு குதிப்புக்கும் பென்சிலால் இடது ஓரத்தில் ஒரு அம்பு போடுங்கள், கிளம்பும் வரியிலிருந்து இறங்கும் வரி வரை. மேல்நோக்கிப் போகும் அம்பைச் சிவப்பில் போடுங்கள். இப்போது ஒவ்வொரு அம்பும் தாண்டிப்போகும் வரிகளில் இந்த ஐந்தைத் தேடி வட்டமிடுங்கள்: திறந்ததை மூடும் வரி, பூட்டியதைத் திறக்கும் வரி, வேரியபிளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) முதல் மதிப்பு கொடுக்கும் வரி, எண்ணியைக் கூட்டும் வரி, சரிதானா என்று சோதிக்கும் வரி. வட்டமே விழவில்லை என்றால் அந்த அம்பு அப்பாவி. அதைத் தொடாதீர்கள்.

அறிகுறி 1: காலையில் ஓடுகிறது, சாயங்காலம் படுக்கிறது

ஒரு எடைமேடை நிரல். லாரி ஏறி நின்றதும் தராசிலிருந்து எடையைப் படித்துச் சீட்டு அடிக்கும், அவ்வளவுதான். உரிமையாளர் போனில் சொன்னது இது: “தம்பி, நாலு மணி ஆனா பொட்டி செத்துப் போகுது. அணைச்சுப் போட்டா சரியாயிடுது. அதுவும் அறுவடை சமயத்துல மட்டும்தான்.”

அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று யாராவது சொன்னால், ஏதோ ஒன்று சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். திரையில் வந்த வாசகம் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’. லினக்ஸில் ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கும் ஃபைல்களுக்கு வழக்கமான வரம்பு 1024. அதில் மூன்று தொடக்கத்திலேயே போய்விடும். மிச்சம் 1021. நிரல் இப்படி இருந்தது:

பதிவு ஃபைலைத் திற
எடையைப் படி
எடை ஆடிக்கொண்டிருந்தால் → ரிட்டர்ன்
எடையை எழுது
பதிவு ஃபைலை மூடு
ரிட்டர்ன்

மூன்றாவது வரியிலிருந்து கிளம்பும் அம்பு ஐந்தாவது வரியைத் தாண்டுகிறது. லாரி நிதானமாக வந்து நின்றால் ஒன்றிரண்டு முறைதான் எடை ஆடும். அறுவடைக் காலத்தில் பின்னால் வரிசை நெருக்கும், டிரைவர் இன்ஜினை அணைக்கவே மாட்டார், ஒரே லாரிக்கு இருபது முப்பது முறை ‘ஆடுது, அப்புறம் பார்’ என்று நிரல் திரும்பும். ஒவ்வொரு முறையும் ஒரு ஃபைல் திறந்தபடியே கிடக்கும். நாலு மணிக்கு 1021 தீர்ந்துபோகும். இரவு எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது பெட்டியை அணைப்பதால் மறுநாள் காலை கணக்குப் புதிதாகத் தொடங்கும். மற்ற மாதங்களில் 1021-ஐத் தொடுவதற்குள் ராத்திரி வந்துவிடும். இவ்வளவுதான் மர்மம்.

நடுவில் ரிட்டர்னா?

முதல் சந்தேகம் இதுதான், செலவும் இல்லை. ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸ் எண்ணின் கீழ் எஃப்-டி என்று ஒரு அடைவு இருக்கும். அதற்குள் எத்தனை பெயர் இருக்கிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். ஏறியது இறங்கவே இல்லை என்றால் கசிவு உறுதி. எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த ஃபைலைத் திறக்கும் ஃபங்ஷனுக்கு நேராகப் போகலாம்.

மலிவான திருத்தம் பலர் கண்ணில் படுவதில்லை: திறக்கும் வரியைச் சோதனைக்குக் கீழே தள்ளுங்கள். எடை ஆடவில்லை என்று தெரிந்த பிறகு திறந்தால் போதுமே. எடைமேடையில் அதைத்தான் செய்தேன், ஒரு வரி கீழே இறங்கியது. அப்படித் தள்ள முடியாத இடத்தில் ஃபங்ஷனை இரண்டாக்குங்கள். வெளியே இருப்பது திறக்கும், உள்ளே இருப்பதைக் கூப்பிடும், மூடும். உள்ளே இருப்பது எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் ரிட்டர்ன் ஆகட்டும், கவலை இல்லை.

வரம்பை 1024-இலிருந்து ஏற்றிவிடுவது திருத்தம் ஆகாது. நாலு மணிப் பழுது ஏழு மணிக்குத் தள்ளிப்போகும்.

ஃபைல் கணக்கு சரி, மெமரி ஏறுகிறதா?

காரணம் அதேதான், தாண்டிய வரி மட்டும் வேறு: ஒதுக்கிய இடத்தை விடுவிக்கும் வரி. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டுங்கள். அது மிகவும் மெதுவாக இருந்தால் அதே மாதிரி வேலை செய்யும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். பிழை வரும் பாதையை வேண்டுமென்றே ஓட்ட வேண்டும் என்பது முக்கியம். எல்லாம் நல்லபடி நடக்கும்போது கசிவு தெரியாது.

கசிவு இல்லை, ஆனால் இரண்டாம் முறை தொங்குகிறதா?

பூட்டைத் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் தொடட்டும் என்று நிரல் போடுவது) திறக்காமல் வெளியேறிய ரிட்டர்ன். தொங்கும்போதே ஜிடிபி என்ற பழுது தேடும் கருவியை ஒட்டி, எல்லா த்ரெட்களும் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) எந்த ஃபங்ஷனில் நிற்கின்றன என்று காட்டும் அடுக்கை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே பூட்டுக்காகக் காத்திருந்து, அதை வைத்திருக்க வேண்டியவர் எப்போதோ போய்விட்டிருந்தால் இதுதான். பைத்தானில் வித், ஜாவாவில் 7-ஆம் பதிப்பிலிருந்து வந்த ட்ரை-வித்-ரிசோர்ஸஸ், கோ மொழியில் டிஃபர், சி++-இல் டிஸ்ட்ரக்டர் என்று எந்த வழியில் வெளியேறினாலும் தானாக மூடும் வசதி இருக்கிறது. இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் கையால் மூடுவதற்கு ஒரு காரணமும் கிடையாது. சி தரத்தில் இன்னும் அப்படி ஒன்று இல்லாததால்தான் நமக்கு இந்தப் பாடு.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இருந்து, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் தொங்கினால். அது குதிப்பால் வந்ததா, இரண்டு த்ரெட்கள் பூட்டை வேறு வேறு வரிசையில் எடுப்பதால் வந்ததா என்று பிரிக்க அனுபவம் வேண்டும். நானே இரண்டு தடவை தோற்றுப்போய் ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

அறிகுறி 2: பிழை வந்தால் பிழைச்செய்தி வருவதில்லை, நேராக கிராஷ்

கடைசியில் ‘எர்ர்’ என்று ஒரே ஒரு லேபிள் (கோ-டூ போய் இறங்கும் இடத்தின் பெயர்), எல்லாத் தோல்வியும் அங்கே வந்து விழும், அங்கே எல்லாவற்றையும் விடுவிப்பார்கள். இதில் பிரச்சினை என்னவென்றால், முதல் படியிலேயே தோற்றவருக்கு விடுவிக்க இன்னும் ஒன்றுமே இல்லை. இல்லாத பெட்டிக்குள் கையை விட்டு உள்ளே இருப்பதை விடுவிக்கப் போகிறது நிரல்.

லினக்ஸ் கெர்னலின் நிரல்நடை ஆவணம் இந்தப் பழுதைத் தனியாகப் பெயர் சொல்லி எச்சரிக்கிறது. சி-யில் சுத்தம் செய்யும் வேலைக்கு கோ-டூவை அனுமதிக்கும் ஆவணம்தான் அது. அது சொல்லும் வழி: லேபிளை இரண்டாகப் பிரி, எடுத்த வரிசைக்குத் தலைகீழாக விடுவி, எதுவரை எடுத்தோமோ அந்தப் படிக்குரிய லேபிளுக்குப் போ. பெயரும் ‘எர்ர்1’, ‘எர்ர்2’ என்று இருக்கக் கூடாது, என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும்: ‘பஃபரை விடுவி’, ‘ஃபைலை மூடு’ என்கிற மாதிரி. எண் வைத்தால் நடுவில் ஒரு படி சேர்க்கும்போது எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். ஜிடபிள்யூ-பேசிக்கில் 10, 20, 30 என்று வரி எண் போட்டுப் பழகியவர்களுக்கு, 20-க்கும் 21-க்கும் நடுவே இடமில்லாமல் முழித்த நினைவு வரும்.

சோதனை எளிது. ஒவ்வொரு படியாக வேண்டுமென்றே தோற்க வையுங்கள், அந்த அழைப்பு தோல்வி மதிப்பைத் திருப்புவதாகத் தற்காலிகமாக மாற்றி. ஐந்து படி என்றால் ஐந்து ஓட்டம். எந்த ஓட்டத்தில் கிராஷ் ஆகிறதோ அந்த அம்பு தப்பான லேபிளில் இறங்குகிறது.

ஒரே இடத்தை இரண்டு முறை விடுவிக்கும் கிராஷும் இங்கேதான் வரும்: நடுவிலும் விடுவித்து, லேபிளிலும் விடுவிப்பார்கள். விடுவித்த கையோடு பாயிண்டரை (அந்த இடத்தின் முகவரியை வைத்திருப்பது) ‘நல்’ (வெற்று) ஆக்கிவிட்டால் தப்பிக்கலாம். நல்லை விடுவித்தால் ஒன்றும் ஆகாது என்பது சி தரத்திலேயே இருக்கிறது.

அறிகுறி 3: தோற்க வேண்டிய சோதனை ஜெயிக்கிறது

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. கிராஷ் இல்லை, யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். தப்பான பாஸ்வேர்டையும் காலாவதியான சான்றிதழையும் நிரல் புன்னகையோடு ஏற்றுக்கொள்ளும்.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஐஓஎஸ் 7.0.6-ஐ வெளியிட்டதற்கு இதுதான் காரணம். பாதுகாப்பான இணைப்பில் எதிர்முனையின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் ஃபங்ஷன். வரிசையாகச் சோதனைகள், ஒவ்வொன்றின் கீழும் தோற்றால் போக வேண்டிய கோ-டூ. ஓரிடத்தில் அந்த வரி இரண்டு முறை விழுந்திருந்தது:

ஹாஷில் (தரவின் சுருக்க எண்) சேர், தோற்றால்
    கோ-டூ ஃபெயில்
    கோ-டூ ஃபெயில்
கையொப்பத்தைச் சரிபார்

அடைப்புக்குறி போடாததால் முதல் கோ-டூ மட்டும்தான் ‘தோற்றால்’ என்பதற்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது எப்போதும் குதிக்கும். கையொப்பத்தைச் சரிபார்க்கும் வரிக்கு நிரல் போகவே இல்லை. அதைவிட மோசம், அந்த நிமிடம் வரை எல்லாம் சரியாக நடந்திருந்ததால் பிழை எண்ணில் 0 இருந்தது, 0 என்றால் வெற்றி. ‘ஃபெயில்’ என்ற பெயருள்ள லேபிளுக்குப் போய் வெற்றியைத் திருப்பித் தந்தது ஃபங்ஷன்.

உள்தள்ளல் ஏமாற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். ஜிசிசி 6-ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ‘மிஸ்லீடிங் இண்டன்டேஷன்’ எச்சரிக்கை இருக்கிறது, டபிள்யூ-ஆல் போட்டால் சேர்ந்தே வரும். அடுத்து, யாரும் போக முடியாத வரிகள். கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் ‘அன்ரீச்சபிள் கோட்’ எச்சரிக்கையைத் தனியாகப் போட வேண்டும், டபிள்யூ-ஆல்-இல் வராது. ஒரு வரிக் கட்டளையானாலும் அடைப்புக்குறி போடுவது என்று வைத்துக்கொண்டால் இந்த வகை அடியோடு போய்விடும்.

மூன்றாவது திருத்தத்துக்குக் கொஞ்சம் உழைப்பு தேவை, ஆனால் நான் அதிகம் நம்புவது இதைத்தான். விடை வேரியபிள் தோல்வியாகவே தொடங்கட்டும். எல்லாச் சோதனையும் தாண்டிக் கடைசி வரியில் வந்து நின்றால் மட்டும் வெற்றி ஆகட்டும். எங்கிருந்து எப்படிக் குதித்தாலும் விளைவு தோல்விதான். தப்பாகத் தோற்றால் பத்து நிமிடத்தில் போன் வந்துவிடும்.

பைத்தானிலும் ஜாவாவிலும் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: ஃபைனலி பகுதிக்குள் (பிழை வந்தாலும் வராவிட்டாலும் கடைசியில் ஓடும் பகுதி) ரிட்டர்ன். மேலே கிளம்பிய பிழையை அது சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பைத்தான் 3.14 இதைப் பார்த்தால் எச்சரிக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் ஃபைனலிக்குள் ரிட்டர்ன் இருக்கிறதா என்று நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: கடவுச்சொல், கையொப்பம், பணம் எது சம்பந்தப்பட்டாலும் உடனே. திருத்தம் ஒரு வரிதான், ஆனால் இத்தனை நாள் யார் யார் உள்ளே வந்துபோனார்கள் என்பதை லாக்கிலிருந்து தோண்டுவது வேறு வேலை.

அறிகுறி 4: என் கணினியில் சரி, அங்கே மட்டும் குப்பை மதிப்பு

டீபக் பில்டில் (பழுது தேடுவதற்காகக் கம்பைல் செய்தது) சரியாக வரும், ரிலீஸ் பில்டில் (பயனருக்குக் கொடுப்பது) கண்டபடி எண் வரும். ஒரு கோ-டூ, வேரியபிளுக்கு முதல் மதிப்பு கொடுக்கும் வரியைத் தாண்டி அதே தொகுதிக்குள் இறங்கியிருக்கும். சி++ கம்பைலர் இதை அனுமதிக்கவே அனுமதிக்காது. சி அனுமதிக்கும், வேரியபிள் இருக்கும், உள்ளே என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுவிட்ச்சுக்குள் (மதிப்பைப் பார்த்துப் பல கேஸ்களில் ஒன்றுக்குப் போகும் கட்டளை) முதல் கேஸுக்கு முன்னால் வேரியபிளை அறிவித்து மதிப்புக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான்.

ஜிசிசியில் ‘ஜம்ப் மிஸ்ஸஸ் இனிட்’ என்ற எச்சரிக்கையைத் தனியாகப் போடுங்கள், சி-க்கு டபிள்யூ-எக்ஸ்ட்ராவிலும் அது வராது. வால்கிரைண்ட் ‘கண்டிஷனல் ஜம்ப்’ என்று தொடங்கி ஒரு புகார் சொல்லும். அந்த ஜம்ப் உங்கள் கோ-டூ இல்லை, இயந்திரக் கட்டளை. நான் முதல்முறை அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் அறியாத ஒரு கோ-டூவை அரை நாள் விசாரித்துக்கொண்டிருந்தேன். திருத்தம்: அறிவிப்புகளை ஃபங்ஷனின் தலைக்கு ஏற்றுங்கள், அங்கேயே மதிப்பும் கொடுங்கள்.

அறிகுறி 5: லூப் நிற்கவில்லை, அல்லது தப்பான இடத்தில் நிற்கிறது

மின்விசிறி சத்தம் போட, சிபியு 100-இல் நிற்கிறதா? வைல் லூப்பில் எண்ணியைக் கூட்டும் வரி கடைசியில் இருக்கும், அதற்கு மேலே ஒரு கன்டினியூ. அந்த நிபந்தனை ஒருமுறை உண்மையானால் போதும், அதே எண்ணில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபார் லூப்பாக மாற்றுங்கள். அதில் கன்டினியூ போட்டாலும் கூட்டல் நடக்கும்.

வெளியேறச் சொன்னால் வெளியேறாமல் சுற்றுகிறதா? லூப்புக்குள் சுவிட்ச், சுவிட்ச்சுக்குள் பிரேக். அந்த பிரேக் சுவிட்ச்சை மட்டும்தான் விடும், லூப்பை விடாது. இதற்கு நேர்மாறாக, இஃப்பை விட்டு மட்டும் வெளியே வரும் என்று நினைத்து பிரேக் போடுகிறவர்களும் உண்டு, இஃப்புக்கு பிரேக் கிடையவே கிடையாது. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி-யின் தொலைதூரத் தொலைபேசி வலை சுமார் ஒன்பது மணி நேரம் முடங்கியதற்கு, சுவிட்ச்சுக்குள் ஓர் இஃப்பில் இருந்த அப்படியான ஒரு பிரேக்தான் காரணம்.

அடுக்கடுக்கான லூப்களிலிருந்து ஒரே தாவில் வெளியே வர, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் எல்லாவற்றிலும் பெயர் வைத்த பிரேக் இருக்கிறது. சி-யில் இல்லை. லூப்களைத் தனி ஃபங்ஷனாக வெட்டி ரிட்டர்ன் போடுவதுதான் என் பழக்கம். ‘முடிந்ததா’ என்று ஒரு கொடி வேரியபிள் வைத்து மூன்று லூப்பிலும் சோதிப்பதைவிட கீழ்நோக்கிய ஒரு கோ-டூ எவ்வளவோ மேல், யார் என்ன சொன்னாலும்.

ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்-ஈச்சுக்குள் ரிட்டர்ன் போட்டு லூப் நிற்கவில்லை என்று வருகிறவர்களுக்கு: அது கன்டினியூ மாதிரிதான் வேலை செய்யும். ஃபார்-ஆஃப் எழுதுங்கள்.

அறிகுறி 6: எக்செல் மேக்ரோவின் விதவிதமான கோளாறு

எக்செல் மேக்ரோவின் மொழியான விபிஏ-வில், மற்ற மொழிகளில் பிழையைப் பிடிக்க இருக்கும் ட்ரை-கேட்ச் கிடையாது. ஆன் எர்ரர் கோ-டூவை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே கோ-டூவை ஒழி என்கிற உபதேசம் இங்கே செல்லாது, ஒழுங்காகக் குதிக்கக் கற்றுக்கொள்வதுதான் வழி.

வேலை சரியாக முடிந்தும் ‘பிழை 0’ என்று பெட்டி வருகிறதா?

லேபிளுக்கு மேலே, அங்கேயே வெளியேறச் சொல்லும் எக்சிட் சப் இல்லை. லேபிள் ஒன்றும் சுவர் இல்லையே, நல்ல பாதையில் வந்த நிரலும் நடந்து உள்ளே போய்விடும். ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

முதல் பிழையைச் சமாளிக்கிறது, இரண்டாவதில் விழுகிறதா?

ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா 14 கிளைகளின் அன்றாட ஃபைல்களைச் சேர்க்க ஒரு மேக்ரோ எழுதி வைத்திருந்தார். ஒரு கிளை ஃபைல் அனுப்பவில்லை என்றால் அதைத் தாண்டி மிச்சத்தைச் சேர்க்கும். இரண்டு கிளை அனுப்பவில்லை என்றால் படுத்துவிடும். அவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் வைத்தியம் தெரியும்: எத்தனை கிளை பாக்கியோ, ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் காலி ஃபைல் ஒன்றைக் கையால் செய்து வைத்துவிட்டு மேக்ரோவை ஓட்டுவார். இரண்டு வருடம் தினமும் இப்படி.

மேக்ரோவில், பிழை வந்தால் ‘அடுத்தது’ என்ற லேபிளுக்குப் போய், அங்கிருந்து லூப்பைத் தொடர்ந்தது. பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ரெசியூம் சொல்லாதவரை, நீங்கள் இன்னும் பிழைக்கான சிகிச்சைக்குள்ளேயே இருப்பதாகத்தான் விபிஏ நினைக்கும். சிகிச்சை நடக்கும்போது வரும் இரண்டாவது பிழையை அது பிடிக்காது. லேபிளைத் தனியாகக் கீழே கொண்டுபோய், அங்கே ‘ரெசியூம் அடுத்தது’ என்று எழுதியதும் சரியானது. ‘இவ்வளவுதானா’ என்று அக்கா கேட்டபோது எனக்கே பில் போடக் கூச்சமாக இருந்தது.

மேக்ரோ முடிந்த பிறகு எக்செல்லே பிரமை பிடித்தமாதிரி இருக்கிறதா?

சூத்திரங்கள் கணக்கிடாது, செல்லை மாற்றினால் ஓட வேண்டியது ஓடாது. வேகத்துக்காகத் தானியங்கிக் கணக்கீட்டையும் ஈவென்ட்களையும் தொடக்கத்தில் அணைத்திருப்பார்கள், திரும்பப் போடும் வரிகளைப் பிழைப் பாதை தாண்டியிருக்கும். மேக்ரோ எடிட்டரில் கன்ட்ரோல்-ஜி அழுத்தி வரும் ஜன்னலில் எனேபிள்-ஈவென்ட்ஸ் என்ன மதிப்பில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஃபால்ஸ் என்றால் இதுதான். நல்ல பாதையும் பிழைப் பாதையும் கடைசியில் ஒரே லேபிளில் வந்து சேர்ந்து, அங்கே எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும்.

பிழையே வரவில்லை, ஆனால் கூட்டுத்தொகை தப்பா?

எங்கோ மேலே ஆன் எர்ரர் ரெசியூம் நெக்ஸ்ட் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வரும் எல்லாப் பிழையும் தாண்டப்படும். எடிட்டரின் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பகுதியில் ‘பிரேக் ஆன் ஆல் எர்ரர்ஸ்’ தேர்ந்துவிட்டு ஓட்டுங்கள், மறைந்திருந்ததெல்லாம் வரிசையாக எழுந்து நிற்கும். அந்த வரி நிஜமாகவே தேவைப்படும் இடத்தில், பிழை வரக்கூடிய கட்டளைக்கு அடுத்த வரியிலேயே ஆன் எர்ரர் கோ-டூ 0 போட்டு மூடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: மேக்ரோ எழுதும் ஃபைல் நேராக வங்கிக்கோ சம்பளப் பட்டியலுக்கோ போகிறது என்றால்.

அறிகுறி 7: இங்கே தொட்டால் அங்கே உடைகிறது

சிவப்பு அம்புகள் ஒன்றையொன்று வெட்டுகிறதா? லூப்பின் நடுவே வெளியிலிருந்து ஓர் அம்பு வந்து இறங்குகிறதா? அப்படியானால் ஒரு வரியைத் தொட்டால் எத்தனை பாதை மாறும் என்று யாராலும் தலைக்குள் கணக்குப் போட முடியாது. இங்கேதான் நிஜமான செலவு.

முதலில் நிரலைத் தொடாமல், கிடைக்கும் நிஜ உள்ளீடுகளை எல்லாம் கொடுத்து ஓட்டி, வெளியீடுகளை ஓர் அடைவில் சேர்த்து வையுங்கள். சரியோ தப்போ, இன்றைக்கு என்ன வருகிறதோ அதுதான் அளவுகோல். ஓடிய வரிகளை எண்ணும் ஜிகவ் கருவியைப் போட்டு எந்தெந்த வரி ஓடவே இல்லை என்று பார்த்து, அங்கேயும் போகும்படி உள்ளீடு தேடுங்கள். இதற்கே இரண்டு நாள் ஆகும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகக் கத்தியை எடுத்த ஒவ்வொரு தடவையும் நான் வருந்தியிருக்கிறேன்.

பிறகு ஒரு நேரத்தில் ஓர் அம்பு, ஓர் அம்புக்கு ஒரு கமிட், ஒவ்வொன்றுக்கும் பின் பழைய வெளியீட்டோடு ஒப்பீடு. நான் எடுக்கும் வரிசை: சில வரிகளை மட்டும் தாண்டும் கீழ்நோக்கிய அம்பு முதலில், நிபந்தனையைத் திருப்பிப் போட்டால் இஃப் ஆகிவிடும். அடுத்து, மேல்நோக்கிப் போய் அதே இடத்துக்குத் திரும்பும் சிவப்பு அம்பு, அது வைல் லூப்தான், வேஷம் மட்டும் வேறு. மூன்றாவது, ஃபங்ஷனின் கடைசிக்குப் போகும் அம்பு, விடுவிக்க எதுவும் இல்லையென்றால் நேராக ரிட்டர்ன். விடுவிக்க வேண்டியது இருந்தால் அறிகுறி 2-இல் சொன்ன லேபிள் அடுக்கு. லூப்புக்குள் வந்து இறங்கும் அம்பைக் கடைசியில் எடுங்கள். பெரும்பாலும் இறங்கும் இடத்திலிருந்து ஒரு தனி ஃபங்ஷனை வெட்டியெடுத்து இரண்டு இடத்திலிருந்தும் கூப்பிட வேண்டிவரும்.

எல்லா அம்பையும் எடுத்தே தீருவேன் என்று கிளம்பி, ஏழு கொடி வேரியபிளும் ஆறு அடுக்கு இஃப்பும் வைத்து முடித்த நிரலையும் பார்த்திருக்கிறேன். அது பழையதைவிட மோசம். மூன்று அடுக்குக்கு மேல் உள்தள்ளல் போனால் நிறுத்திவிட்டு ஃபங்ஷனாக வெட்டுங்கள். மிஸ்ரா என்கிற சி நிரல் பாதுகாப்பு விதிகள்கூட 2004 பதிப்பில் கோ-டூவைக் கட்டாயமாகத் தடுத்துவிட்டு, 2012 பதிப்பில் அதை ஆலோசனையாக இறக்கின. கட்டாயமாக வைத்தது இரண்டு: லேபிள் அதே ஃபங்ஷனில் கீழே இருக்க வேண்டும், அதே தொகுதியிலோ அதைச் சூழ்ந்த தொகுதியிலோ இருக்க வேண்டும். மேல்நோக்கிக் குதிக்காதே, அடுத்தவர் வீட்டுக்குள் குதிக்காதே என்று நான் புதியவர்களுக்குச் சொல்வது இதைத்தான்.

கோபோலா?

நெக்ஸ்ட் சென்டன்ஸ் என்ற சொல்லைத் தேடுங்கள். கோபோலின் கன்டினியூ (அங்கே அது ஒன்றும் செய்யாத கட்டளை) மாதிரி தெரியும், ஆனால் அது அடுத்த முற்றுப்புள்ளிக்கு அப்பால் குதிக்கும், எண்ட்-இஃப்பை மதிக்காது. யாரோ நிரலைச் சீர்திருத்துவதாக நடுவிலிருந்த முற்றுப்புள்ளிகளை எடுத்திருந்தால், நேற்று இரண்டு வரியைத் தாண்டியது இன்று இருபது வரியைத் தாண்டும். அடுத்து, பெர்ஃபார்ம் த்ரூ (இங்கிருந்து அங்கே வரை ஓட்டிவிட்டுத் திரும்பு) சொல்லும் எல்லைக்குள்ளிருந்து வெளியே போகும் கோ-டூ. ஆல்டர் என்ற சொல் கண்ணில் பட்டால் பென்சிலை வைத்துவிடுங்கள். கோ-டூ எங்கே போக வேண்டும் என்பதையே ஓடும்போது மாற்றும் கட்டளை அது, காகிதத்தில் அம்பு போட முடியாது. மெயின்ஃப்ரேமில் பழம் தின்று கொட்டை போட்டவரைத்தான் கூப்பிட வேண்டும்.

லிஃப்ட், பாய்லர், மருத்துவக் கருவி என்று ஆள் உயிரோடு தொடர்புள்ள நிரலிலும் திருத்தத்தை நீங்கள் செய்யாதீர்கள், ஒரு வரியானாலும். சான்றிதழுக்கு உட்பட்ட நிரலில் ஒரு வரி மாறினாலும் மறுசோதனைக்கு ஆள் வேண்டும். வருகிறவரிடம் மூன்றைக் கொடுங்கள்: அம்பு போட்ட காகிதம், உள்ளீடும் வெளியீடும் சேர்த்த அடைவு, எந்த நாள் எத்தனை மணிக்குப் பழுது வந்தது என்ற குறிப்பு. எடைமேடையில் எனக்குப் பாதி வேலையைக் குறைத்தது, நாலு மணி என்று அவர் சரியாகக் கவனித்து வைத்திருந்ததுதான்.